அரசாங்கம் கிளவுடுக்கு மாறுவது: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் அரசாங்கத்தின் கணினி அமைப்புகள் பல இப்போது கிளவுடில்தான் ஓடுகின்றன என்று சொன்னால் உடனே சில கேள்விகள் வரும். சமூக மன்றத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், வாட்ஸ்அப் குழுவில் என்று எங்கே பேச்சு எடுத்தாலும் கேள்விகள் ஏறக்குறைய அதேதான். இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பதால் என்னிடம் கேட்கப்பட்டவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிளவுட் என்றால் என்ன? அரசாங்கத்துக்கு அது எதற்கு?

சொந்தமாக சர்வர் வாங்கி, சொந்த அறையில் வைத்து, ஏசி போட்டு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்குப் பதிலாக, பெரிய நிறுவனங்கள் நடத்தும் தரவு நிலையங்களில் தேவையான அளவு கணினித் திறனை எடுத்துப் பயன்படுத்தி, பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டுவது. அவ்வளவுதான்.

எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள பழைய முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓர் அரசாங்க அமைப்புக்குப் புது இணையச் சேவை வேண்டுமென்றால் முதலில் கணக்குப் போடுவார்கள்: இன்னும் ஐந்து வருஷத்தில் எத்தனை பேர் வருவார்கள், உச்ச நேரத்தில் எத்தனை பேர் ஒரே சமயத்தில் நுழைவார்கள் என்று. அந்த உச்சத்துக்குத் தகுந்த மாதிரி இயந்திரம் வாங்க, அரசாங்கக் கொள்முதல் தளமான கெபிஸில் ஏலக்குத்தகை விட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகி, பெட்டி வந்து இறங்கி, ரேக்கில் மாட்டி, கேபிள் இழுத்து, பாதுகாப்புச் சோதனை முடிவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். இத்தனையும் முடிந்த பிறகு அந்த இயந்திரம் வருஷத்தில் பெரும்பாலான நாள் பாதிகூட வேலை செய்யாமல் நின்றுகொண்டிருக்கும்.

அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு வெளியாகும் நாளை நினைத்துப் பாருங்கள். 1.3 மில்லியனுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதற்குத் தகுதி பெறுகின்றன. செய்தி வந்த சில மணி நேரத்திலேயே பெரும் கூட்டம் இணைப்பைத் தட்டி, சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளம் வழியாக நுழைந்து, தன் பங்கை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். அடுத்த வாரமே கூட்டம் வடிந்துவிடும். அந்த ஒரு நாளுக்காகச் சொந்தமாக இயந்திரம் வாங்கிப் போடுவது மக்கள் பணத்தை வீணாக்குவது, வாங்காமல் விட்டால் தளம் படுத்துவிடும். கிளவுடில் அந்த நாள் காலையில் தானாகக் கூடுதல் சர்வர்கள் எழும்பி வரும், கூட்டம் குறைந்ததும் தானாகவே அணைந்துவிடும். எனக்குத் தெரிந்து கிளவுடுக்கு மாற இதைவிட நல்ல காரணம் இல்லை.

சிங்கப்பூரில் இது எப்போது ஆரம்பித்தது?

முதலில் அரசாங்கம் தனக்கென்றே ஒரு தனி கிளவுட் வைத்திருந்தது. அமைப்புகள் பலவும் அதைப் பகிர்ந்துகொண்டன. 2016 அக்டோபரில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு, அதாவது கவ்டெக், உருவானது. பெரிய திருப்பம் 2018 அக்டோபரில் வந்தது. அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், அதிக ரகசியம் இல்லாத அரசாங்கக் கணினி அமைப்புகளை வணிக கிளவுடுக்கு மாற்றப் போவதாக அறிவித்தார். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல் மாதிரி நிறுவனங்கள் எல்லாருக்கும் விற்கும் கிளவுட்தான் அது. தகுதியுள்ள கணினி அமைப்புகளில் குறைந்தது 70 விழுக்காட்டை 2023க்குள் மாற்ற வேண்டும் என்பது இலக்கு.

சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் நடந்த தகவல் திருட்டு வெளியே வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. அந்தச் சூழலில் இப்படி ஒரு முடிவைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். சிங்ஹெல்த் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஒவ்வோர் அமைப்பும் தன் இஷ்டத்துக்கு அமேசானில் கணக்குத் திறந்துகொள்கிறதா?

இல்லை, அப்படி விட்டால் குழப்பம்தான். நடுவில் ஜிசிசி என்று ஒரு தளத்தை கவ்டெக் வைத்திருக்கிறது. அரசாங்க வணிக கிளவுட் என்பதன் சுருக்கம். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகல் மூன்றுக்கும் மேலே போட்ட ஓர் உறை அது என்று சொல்லலாம். யார் உள்ளே நுழைகிறார், எந்த அனுமதியோடு நுழைகிறார், எதை மாற்றினார் என்ற பதிவுகள், அடிப்படைப் பாதுகாப்பு விதிகள், கட்டணக் கணக்கு எல்லாம் அதன் வழியாகப் போகும். ஒரே விதியை ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாகச் செய்து, தனித்தனியாகத் தணிக்கைக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். 2022இல் இதன் இரண்டாம் பதிப்பு வந்தது. முதல் பதிப்பைவிடக் கிளவுட் நிறுவனங்களின் சொந்தக் கருவிகளை நேரடியாகப் பயன்படுத்த அது இடம் கொடுத்ததால் எங்களைப் போன்ற பொறியாளர்களுக்கு மூச்சு விட முடிந்தது.

அப்படியென்றால் எல்லா ரகசியமும் அங்கே போய்விட்டதா?

கிடையாது. ஆரம்பத்திலிருந்தே கோடு தெளிவாகத்தான் இருந்தது. அரசாங்கத் தகவல்களுக்கு ரகசிய வகைப்பாடு உண்டு. வெளிப்படையானது, கட்டுப்படுத்தப்பட்டது, அந்தரங்கமானது, ரகசியம், மிக ரகசியம் என்று படிப்படியாக ஏறும். வணிக கிளவுடுக்குப் போக முதலில் அனுமதிக்கப்பட்டது கட்டுப்படுத்தப்பட்டது என்ற படி வரைக்கும்தான். அதற்கு மேலே உள்ளவை அரசாங்கத்தின் சொந்தக் கட்டமைப்பிலேயே இருந்தன.

நடைமுறையில் தலைவலி இந்த வகைப்பாட்டில்தான். ஒரே தரவுத்தளத்தில் பத்து வருஷத் தகவல் கலந்து கிடக்கும். அதில் பொதுமக்களுக்குத் திறந்துவிடக்கூடிய பட்டியலும் இருக்கும், ஒருவருடைய வருமான விவரமும் இருக்கும். எங்கே போட்டாலும் பிரச்சினை வராமல் இருக்க மொத்தத்துக்கும் உயர்ந்த முத்திரையைக் குத்திவிடுவது மனித இயல்பு. அப்படிக் குத்தினால் எதையும் நகர்த்த முடியாது. உட்கார்ந்து, தகவலை ஒவ்வொரு வகையாகப் பிரித்துப் பார்த்து, இது வெளியே போனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று கேட்கும் பொறுமைதான் இங்கே தேவைப்படுவது.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. வணிக கிளவுடின் வசதி வேண்டும், ஆனால் இயந்திரங்களை வேறு யாரோடும் பகிரக் கூடாது என்றால், ஒரு வாடிக்கையாளருக்கு மட்டுமென்றே தனிக் கட்டமைப்பை அமைத்துத் தருவார்கள். அமேசான் 2023இல் அறிவித்த அப்படிப்பட்ட ஒரு சேவை சிங்கப்பூரின் அறிவார்ந்த தேச, மின்னிலக்க அரசாங்கக் குழுமத்தோடு சேர்ந்து உருவானது.

நம் தகவல் அமெரிக்காவுக்குப் போய்விடுமா, தம்பி?

வயதானவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான், அது நியாயமான கேள்வியும்கூட. இடம் என்று பார்த்தால், மூன்று பெரிய நிறுவனங்களுக்கும் சிங்கப்பூரிலேயே தரவு நிலையங்கள் இருக்கின்றன. அமேசானும் மைக்ரோசாஃப்டும் 2010இலேயே இங்கே வந்துவிட்டன, கூகல் 2017இல் இங்கே கிளவுட் சேவையைத் திறந்தது. தகவலை எந்த நாட்டில் வைப்பது என்பதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் இடம் மட்டும் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவை அமெரிக்க நிறுவனங்கள். 2018இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின்படி, அந்த நாட்டு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தகவல் உலகத்தில் எங்கே இருந்தாலும், முறையான சட்ட ஆணை இருந்தால் அதைக் கேட்க முடியும். அதனால்தான் மறையாக்கம் முக்கியம். தகவலைப் பூட்டி வைத்து, அந்தப் பூட்டின் சாவியை அரசாங்கம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால், வட்டு யார் கையில் கிடைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஓர் அமைப்பு கிளவுடுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டால் 'எந்த ஊரில் இருக்கிறது' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், 'சாவி யாரிடம்' என்றும் கேளுங்கள். நான் எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்.

சிங்ஹெல்த் மாதிரி மறுபடியும் நடந்தால்?

2018 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 வரை, ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி போன்ற விவரங்கள் திருடு போயின. அதில் ஏறத்தாழ 160,000 பேருக்கு வாங்கிய மருந்து விவரமும் போனது. அப்போதைய பிரதமர் திரு லீயின் மருத்துவத் தகவல் குறிப்பாகக் குறிவைக்கப்பட்டது. எல்லாருக்கும் இது நினைவிருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தத் தகவல் வணிக கிளவுடிலிருந்து போகவில்லை. சுகாதாரத் துறையின் சொந்தக் கட்டமைப்பிலிருந்துதான் போனது. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. திறமையான, பொறுமையான ஊடுருவல்காரர்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது. கூடவே, எளிதில் ஊகிக்கக்கூடிய நிர்வாகிக் கடவுச்சொல், சந்தேகம் வந்த பிறகும் மேலே தகவல் சொல்வதில் ஏற்பட்ட தாமதம் போன்ற சாதாரணக் குறைகளையும் சுட்டிக்காட்டியது. சொந்த அறையில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் அந்த அறிக்கையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஏதாவது தப்பு நடந்தால் யார் பொறுப்பு? அமேசானா, அரசாங்கமா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கி, தாழ்வாரம், கூரை எல்லாம் நகர மன்றத்தின் பொறுப்பு. ஆனால் உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டாமல் போனால் அது நகர மன்றத்தின் குற்றமாகாது. கிளவுடிலும் அதே பிரிவுதான். கட்டடம், மின்சாரம், இயந்திரம், அடித்தள மென்பொருள் நிறுவனத்தின் பொறுப்பு. யாருக்கு அனுமதி கொடுக்கிறோம், எந்தக் கோப்பைத் திறந்து வைக்கிறோம், மென்பொருளை எப்போது புதுப்பிக்கிறோம் என்பது பயன்படுத்துகிறவரின் பொறுப்பு.

உலகம் முழுக்க கிளவுட் தகவல் கசிவு என்று செய்தியில் வருவதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. யாரோ ஒரு சேமிப்பிடத்தைச் சோதனைக்காக எல்லாருக்கும் திறந்துவிட்டு மூட மறந்திருப்பார். இல்லையென்றால் அணுகல் சாவியை நிரல் கோப்புக்குள்ளேயே எழுதி, அந்தக் கோப்பைப் பொதுவில் போட்டிருப்பார். ஒரே ஒரு வரிதான், அது வெளியே போன சில நிமிடங்களிலேயே தானியங்கி நிரல்கள் கண்டுபிடித்துவிடும்.

சட்டம் என்று பார்த்தால், தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018இன் பொதுத்துறை ஆளுமைச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் தகவலை வெளியிடும் அதிகாரிக்கு 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கிளவுட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதால் இந்தப் பொறுப்பு கைமாறிவிடாது.

ஒரு பழைய கணினி அமைப்பை மாற்றுவது என்றால் உண்மையில் என்ன நடக்கும்?

பொத்தானை அழுத்தினால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் சில வாரம் வெறும் கண்டுபிடிப்பு வேலை. இந்த சர்வர் யாரோடு பேசுகிறது, அது எந்தக் கோப்பை எடுக்கிறது, அந்தக் கோப்பை யார் அங்கே வைக்கிறார்கள்? பழைய அமைப்புகளில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் ஒரு சின்ன நிரல் கட்டாயம் இருக்கும். பத்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், ஆவணம் இருக்காது. அது தினமும் வேறோர் அமைப்புக்கு ஒரு பட்டியலை அனுப்பிக்கொண்டிருக்கும். நிரலுக்குள் பழைய சர்வரின் முகவரி எண் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். சர்வரை நகர்த்தினால் நிரல் சத்தமில்லாமல் நின்றுவிடும், மூன்று நாள் கழித்து அந்த இன்னோர் அமைப்பிலிருந்து ஃபோன் வரும்.

அதனால் எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாமா, கொஞ்சம் மாற்றிக்கொண்டு போகலாமா, முழுக்கத் திருப்பி எழுதலாமா, மூடிவிடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு எடுக்க வேண்டும். மூடிவிடுவதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, ஆனால் யாருமே பயன்படுத்தாத ஓர் அமைப்பை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே மலிவான, பாதுகாப்பான மாற்றம். அப்படியே தூக்கிப் போவது வேகமாக முடியும், ஆனால் பழைய குறைகள் எல்லாம் கூடவே வரும், செலவும் ஏறும்.

கடைசியில் மாற்றும் நாள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. 'பராமரிப்புப் பணி காரணமாக இச்சேவை தற்காலிகமாகக் கிடைக்காது' என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்களே, சில சமயம் அதன் பின்னால் இந்த வேலைதான் நடந்துகொண்டிருக்கும். பழைய தரவுத்தளத்தைப் பூட்டுவது, கடைசி நேர மாற்றங்களைப் புதியதற்கு நகலெடுப்பது, வரிசை எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுவது, பிறகு முகவரியைத் திருப்பிவிடுவது. எண்ணிக்கையில் ஒரு வரிசை குறைந்தாலும் பழையதற்கே திரும்பிவிட வேண்டும். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் திரும்புவது என்பதை முந்தைய வாரமே எழுதி வைத்திருப்போம், ஏனென்றால் தூக்கமில்லாத நேரத்தில் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

செலவு குறையுமா?

குறையலாம், குறையாமலும் போகலாம். 2021 நிதியாண்டில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கு அரசாங்கம் ஒதுக்கத் திட்டமிட்ட தொகை 3.8 பில்லியன் வெள்ளி, ஆகவே இது சின்ன விஷயமில்லை. கிளவுடில் பணம் வீணாவது பெரும்பாலும் அணைக்க மறந்த சோதனை சர்வர்களில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தி திங்கட்கிழமை காலையில் எழுப்பி, யாரும் வேலை செய்யாத இரவுகளிலும் அணைத்து வைத்தால் அந்த சர்வர்களின் பில் பாதிக்கும் கீழே வந்துவிடும். தகவலை வெளியே எடுக்கும்போது விதிக்கும் கட்டணத்தைப் பலர் முன்கூட்டியே யோசிப்பதில்லை.

இன்னொரு சிக்கல் வரவுசெலவுத் திட்டத்தில். முன்பு ஒரே தடவையில் பெரிய தொகை, பிறகு அமைதி. இப்போது மாதா மாதம் ஏறி இறங்கும் பில். வருஷ ஆரம்பத்தில் ஒதுக்கிய தொகைக்குள் நிற்க வேண்டிய ஓர் அமைப்புக்கு அது பழக வேண்டிய விஷயம். எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்த்து கிளவுடுக்குப் போகும் அமைப்பு இரண்டாவது வருஷமே ஏமாற்றமடையும் என்பது என் அபிப்பிராயம்.

கிளவுட் படுத்துவிட்டால் நாடே நின்றுவிடாதா?

2023 அக்டோபர் 14ஆம் தேதி, சனிக்கிழமை, டிபிஎஸ், சிட்டி வங்கிச் சேவைகள் நின்றுபோனது ஞாபகமிருக்கிறதா? ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. ஏறத்தாழ 2.5 மில்லியன் பணப் பரிமாற்றங்கள் நடக்காமல் போயின. இரண்டு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு நிலையம் இருந்தது, ஆனால் சரியான நேரத்தில் அங்கே முழுமையாக மாற முடியவில்லை. மாற்று ஏற்பாடு காகிதத்தில் இருப்பது போதாது, அடிக்கடி மாறிப் பழக வேண்டும்.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரே ஊருக்குள் தனித்தனிக் கட்டடங்களில், தனித்தனி மின்சாரத்தோடு மண்டலங்களைப் பிரித்து வைத்திருக்கும். அமேசானுக்குச் சிங்கப்பூரில் அப்படி மூன்று உண்டு. ஒன்று போனாலும் மற்றவை நிற்கும், ஆனால் அமைப்பை அப்படிப் பரப்பி வடிவமைத்திருந்தால் மட்டுமே.

எதிர்ப் பக்கத்தையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத்தின் சொந்தத் தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலன் தீப்பிடித்து, 600க்கும் மேற்பட்ட அரசாங்கக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. அரசாங்க ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு சேவையில் 858 டெராபைட் தகவல் நகலே இல்லாமல் அழிந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அங்கே உட்கார்ந்து வேலை செய்தவர்களின் வருஷக்கணக்கான உழைப்பு அது.

ஒரே நிறுவனத்திடம் மாட்டிக்கொள்ள மாட்டோமா?

மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு நிறுவனத்துக்கே உரிய தரவுத்தளம், அதற்கே உரிய கருவிகள் என்று பழகிவிட்டால் வெளியேறச் செலவாகும். மூன்று நிறுவனங்களை வைத்திருப்பது பேரம் பேச உதவும், ஆனால் ஒரே அமைப்பை மூன்றிலும் ஓட்டுவதென்றால் மூன்று மடங்கு வேலை. எளிதில் பெயர்க்கக்கூடிய திறந்த தரத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பதும், ஒப்பந்தத்திலேயே வெளியேறும் வழியை எழுதி வைப்பதும்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மற்ற நாடுகள் எப்படி?

அமெரிக்கா 2011இலேயே கிளவுடுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது, பிரிட்டன் 2013இல். இந்தியாவில் மேக்ராஜ் என்ற திட்டம் இருக்கிறது. தணிக்கையில் தேறிய நிறுவனங்களை மட்டும் பட்டியலில் சேர்த்து, தகவல் இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். எஸ்டோனியா இன்னும் ஒரு படி மேலே போய், நாட்டுக்கே ஆபத்து வந்தாலும் அரசாங்கம் தொடர்ந்து இயங்க, லக்சம்பர்க்கில் தூதரகத்துக்கு உள்ளது மாதிரியான சட்டப் பாதுகாப்போடு தன் முக்கியத் தகவலின் நகலை வைத்திருக்கிறது. நம்மைப் போன்ற சின்ன நாடு உன்னிப்பாகப் பார்க்க வேண்டிய ஏற்பாடு அது.

இத்தனை தரவு நிலையங்களுக்கு மின்சாரம்?

2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே போனது. 2019இலிருந்து 2022 தொடக்கம் வரை புதிய தரவு நிலையங்களுக்கு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. நம் வெப்பத்தில் அறையைக் கடுமையாகக் குளிர்விக்காமல் 26 டிகிரியோ அதற்கு மேலோ வைத்து இயக்குவதற்கான தரநிலையும் 2023இல் வந்தது.

என் மகன் சர்வர் அறையில் வேலை செய்கிறான். வேலை போய்விடுமா, அண்ணே?

ரேக்கில் இயந்திரம் மாட்டும் வேலை குறையும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் நெட்வொர்க், அனுமதி, பேக்கப், கோளாறு கண்டுபிடிப்பது பற்றி அவருக்குத் தெரிந்தது எதுவும் வீண் போகாது. முன்பு கையால் செய்ததை இப்போது கட்டமைப்பை நிரலாக எழுத உதவும் டெராஃபார்ம் போன்ற கருவியில் எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். லினக்ஸ் தெரிந்தவர் என்றால் இன்றைக்கே ஓர் இலவசக் கிளவுட் கணக்கில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், செலவு வரம்பு எச்சரிக்கையை முதல் நாளே போட்டுவிட்டு.

சாதாரண ஆள் நான், நான் என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் தகவலுக்கு நீங்கள் வைத்திருக்கும் சாவி சிங்பாஸ். அரசாங்கம் எத்தனை பூட்டுப் போட்டாலும், மோசடிக்காரன் ஃபோனில் சொல்லி நீங்களே அங்கீகரித்துவிட்டால் உள்ளே வந்துவிடுவான். 2024 ஜூலை 1லிருந்து பெரும்பாலான அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 'கவ்.எஸ்ஜி' என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. வேறு பெயரில் வந்து அரசாங்கம் என்று சொன்னால் இணைப்பைத் தட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடி தடுப்பு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், வீட்டில் பெரியவர்களின் ஃபோனிலும் அந்த எண்ணைச் சேமித்துக் கொடுங்கள்.